நூற்று நாற்பது நிமிடம்

பொன் வார விடுமுறை. ஜப்பானே வரிசையில் நிற்கிறது.
ஷிகெத்தோ பிப்ரவரியிலேயே அட்டவணை போட்டுவிட்டான்:
5.10 ரயில். 6.00 வாசல். 8.04 டிராகன் ரோலர் கோஸ்டர்.
கழிப்பறைக்கு ஏழு நிமிடம், இரண்டு முறை.

8.03க்கு டிராகன் பழுதானது.
காத்திருப்பு 140 என்றது பலகை.

அட்டவணையை நாலாய் மடித்து
அதன்மேல் சோற்றுருண்டையை வைத்தான்.
முன்னால் நின்ற நகோயாக்காரர்கள்
ஊறுகாய் நீட்டினார்கள்.
மிச்சிரு அவர்கள் பையனோடு
சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல் பிடித்து
விளையாடி விளையாடி
எங்கள் முறை வந்ததையே கவனிக்கவில்லை.

மூன்று நிமிடம் கத்தினோம். இறங்கினோம்.
"எப்படி இருந்துச்சு?"
"எது?"
கண் கூட்டத்தில் அவனைத் தேடுகிறது.
"'ரு'வுல ஒரு சொல் பாக்கிம்மா."

ஷிகெத்தோ எண்ணெய் ஊறிய அட்டவணையைப் பிரித்தான்.
இருக்கிறதிலேயே நீளமான வரிசை
எங்கே என்று
ஊழியரிடம் விசாரித்தான்.