செதில்

காலை பத்து மணிக்கு நான் வெறும் குரல்.
தேசிங்கு ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய்.
ஒன்று வண்ணாரப்பேட்டையைப் பார்த்து,
ஒன்று கடலைப் பார்த்து.

கான்ட்ராக்டர் தந்த தாளில் இப்படி இருக்கிறது:
உழவர் பெருங்குடி மக்களே,
அறுவடைத் திருநாளை முன்னிட்டு.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
யாரைப் பார்த்துப் படிப்பேன் இதை?
கன்டெய்னர் லாரி கிளீனர்.
ஐஸ் பெட்டியோடு ஒரு டி.வி.எஸ்.
நெல்லை ரேஷன் சாக்கில் அரிசியாக மட்டும் பார்த்த நாற்பது பேர்.

தாளை மடித்துத் தொடைக்கடியில் வைத்தேன்.
மூட்டை தூக்கும் பெருமக்களே,
பஞ்சர் ஒட்டும் பெருமக்களே,
வலை பிரிக்கும், மீன் வெட்டும், பக்கெட்டோடு தண்ணி லாரிக்கு நிற்கும்
பெருமக்களே,
வாங்க வாங்க வாங்க!
உப்புக் கிடங்கு மைதானத்தில்
பொங்கல் பொருட்காட்சி!

ராட்டினம் உண்டு. உச்சியில் நின்றால்
ஹார்பர் கிரேன் உங்க கண்ணுக்கு நேரே நிற்கும்,
ஒரு நிமிஷம் நீங்களும் அதுவும் ஒரே சம்பளம்.
மரணக் கிணறு உண்டு.
முறம் அகல டெல்லி அப்பளம் உண்டு.
பொன்னேரியிலிருந்து வந்த பூசணி ஒன்று உண்டு,
எடையைச் சரியாகச் சொன்னால்
தூக்கிக்கொண்டு போகலாம், தூக்க முடிந்தால்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்துவேன்.
சிங்கப்பூர் கடல்கன்னி.
ஆழ்கடலில் அகப்பட்டவள். பேச மாட்டாள்.

பேச மாட்டாள் என்பது நான் சேர்த்தது.
சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்
கண்ணாடிப் பெட்டிக்குள் படுப்பவளும் நான்தான்.
காலையில் கேட்ட குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

நீல டியூப் லைட்.
கொளத்தூரில் வாங்கிய மீன்தொட்டி மோட்டார்
என் காதுக்குப் பின்னால் குமிழி விடுகிறது.
இடுப்புக்குக் கீழே ரெக்சின் வால்.
உள்ளே இடது முட்டி தினமும் ஆறரைக்கு அரிக்கும்.

ஆரணியில் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.
தர்மபுரியில் ஒருத்தி கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தாள்.
இங்கே காசிமேடு வந்து நிற்கிறது வரிசையில்.
என்னா மீனுடா இது?
வாலு கொடுவா மாதிரி கீது.
கலரு சங்கராடா.
கிலோ எவ்ளோக்கா?

கூட்டத்தில் ஒருத்தி சிரிக்கவில்லை.
என் வயசுதான் இருக்கும்.
பேப்பரில் சுற்றிய கத்தி பைக்குள்ளே துருத்திக்கொண்டிருந்தது.
யாரோ எஸ்தரு நவுருக்கா என்றார்கள், நகரவில்லை.
நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள்.
த பாரு, செதிலை ஏத்தித் தச்சிக்கிறான்.
செதிலு வாலைப் பாத்துப் படுக்கணும்.
இப்டி இருந்தா தண்ணி உன்னிய நீஞ்ச வுடாது.

ஆமாக்கா என்று வாய் வரை வந்தது.
விழுங்கினேன்.
மோட்டார் எனக்குப் பதிலாக நாலு குமிழி விட்டது.

போகிற வழியில் அவள் பூசணியையும் தட்டிப் பார்த்து,
உள்ள பாதி காத்து என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.
கான்ட்ராக்டருக்குக் கோபம்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.
ஏழு ஊர். ஏழு ஊரிலும் தலைகீழாக நீந்தியிருக்கிறேன்,
ஒருத்தருக்கும் தெரியவில்லை.
தேசிங்கு செல்போன் வெளிச்சம் பிடித்தான், கொட்டாவியோடு.
ஜிகினாச் செதிலை ஒவ்வொன்றாகப் பிரித்து
ஒவ்வொன்றாகப் படுக்க வைத்துத் தைத்தேன்.
பாதியில் ஊசி உடைந்தது, அப்பளக் கடையில் வேறு ஊசி.
முடிக்கும்போது ஏலக்கடை லைட் எரிந்துவிட்டது,
கடல் பக்கமிருந்து போட்டுச் சத்தம்.

இன்று காலை சிங்கப்பூரை எடுத்துவிட்டேன்.
காசிமேட்டில் பரிசோதிக்கப்பட்டு
செதில் திருத்தப்பட்ட கடல்கன்னி!
ஐஸ் பெட்டிக்காரன் விசில் அடித்தான்.

கேட்டில் நிலக்கரி வண்டி
ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணினேன்.
மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துத்
தேசிங்கிடம் சொன்னேன்,
தூங்காததுல முட்டி இப்பவே அரிக்குதுடா,
சாயங்காலம் வாலுக்குள்ள எப்டிப் படுப்பேன்.

இரண்டு குழாயும் சொல்லின.
ஒன்று வண்ணாரப்பேட்டைக்கு,
ஒன்று கடலுக்கு.