விரலளவு

வத்தாளங்கிழங்கைச் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டி அவிக்கிறேன்.
இரு விரலுக்கிடையில் நசுங்கினால் அவளுக்கு.
நசுங்காதது எனக்கு.

முந்திரிகைப்பழம் நெடுக்காய் நாலு துண்டு.
வட்டமாய் எதுவும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது.
நேற்று காலி வீதியில் ரம்புட்டான் வாங்கிவந்த ரஜீவனை
வாசலிலேயே நிறுத்தி விசாரித்தேன்.
பாவம், மொட்டைமாடியில் தனியே நின்று
ஒரு கிலோவையும் தின்றுவிட்டு வந்தான்.

மிதுராவுக்கு ஒன்பது மாதம்.
கதிரைத் தட்டில் பப்பாசி,
முட்டை மஞ்சள் பூசிய பாண் கீற்று,
முந்தாநாள் அவள் எறிந்த அதே போஞ்சி,
இன்று கொஞ்சம் கூட அவிந்து
இன்னொரு தடவை கேட்டுப்பார்க்க வந்திருக்கிறது.
உப்பில்லை, சீனியில்லை.

பப்பாசியை முதலில் நெற்றிக்கு ஊட்டினாள்,
பிறகு காதுக்கு.
வாய்க்கு முறை வந்ததும் ஓங்கரித்தாள்,
கண் கலங்க, முகம் சிவக்க.

"சத்தம் இருக்குமட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ,
சத்தம் நின்றால் எழும்புங்கோ"
என்றிருந்தார் கிளினிக் தாதி.

கட்டிக்கொண்டிருந்தேன்.
அந்த நேரம் பார்த்து அளுத்கம ரயில்
வெள்ளவத்தை யன்னல்கள் எல்லாவற்றையும் உலுப்பிக்கொண்டு வந்தது.
கடல் கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.
திறந்த வாய் மட்டும் தெரிந்தது.

பட்டியைக் கழற்றி
அவளை அள்ளித் தூக்கி
முதுகில் கை வைத்தபோது
கடைசிப் பெட்டி போய்விட்டிருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தாள்,
போன ரயிலுக்குக் கையாட்டி.

என் தோளில் ஒரு போஞ்சித் துண்டு.
அதில் இரண்டு பல்லின் அடையாளம்.