ஒரு ‘ன்’

வருமானச் சான்றிதழில் அப்பா தனபால்.
என் மதிப்பெண் பட்டியலில் தனபாலன்.
எப்போதோ ஒரு வகுப்பில்
எந்த டீச்சரோ மரியாதைக்குச் சேர்த்த ‘ன்’.
அதைச் சான்றிதழிலும் வாங்க
தண்டையார்பேட்டை தாலுகா ஆபீசுக்கு
நாலு நாள் நடந்தேன்.

முதல் நாள் சர்வர் இல்லை.
மறுநாள் சர்வர் இருந்தது, ஆர்.ஐ. இல்லை.
மூன்றாம் நாள் முகூர்த்தம்,
பாதி நாற்காலிகள் கல்யாணத்துக்குப் போயிருந்தன.
நாலாம் நாள் கிடைத்தது,
கியூஆர் கட்டத்துக்குப் பக்கத்தில்
அத்தனை சின்னதாய், தலையில் புள்ளியோடு.

அன்று தேதி பதினாறு.
கடைசி நாள் பதினைந்து.

இணையதளம் மரியாதையாகத்தான் சொன்னது:
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.
ஆர்வமெல்லாம் இல்லை,
அறுபதாயிரம் ரூபாய்தான் கேட்டேன்.

கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவு
மூன்றிலிருந்து நாலு மணிவரை திறந்திருக்கும்.
“ஒரு நாள்தானே மேடம்.”
“ஒரு நாள்னாலும் லேட் லேட்தாம்மா.”
அப்போது ஃப்ளோரன்ஸ் மேடத்தின் போனில்
தவணையை ஞாபகப்படுத்தும் பதிவுக்குரல்.
துண்டித்துவிட்டு
என்னை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தார்.
அதன்பின் நானும் கெஞ்சவில்லை.

மயிலாப்பூரில் ஒரு டிரஸ்ட்,
தேதி தாண்டியும் வாங்குகிறார்கள் என்றார்கள்.
இருபத்தொன்பது சி-யில் நின்றுகொண்டே போனேன்.
தொண்ணூறு சதவீதம் வேண்டும்.
என்னிடம் எண்பத்தொன்பதரை.
அறுநூறுக்கு மூன்று மதிப்பெண் குறைவு.
அந்த மூன்று எங்கே என்று எனக்குத் தெரியும்.
வேதியியல், முப்பத்திரண்டாவது கேள்வி.
விடை கைவரைக்கும் வந்துவிட்டது.
மணி அடித்துவிட்டது.

“அடுத்த முறை பார்க்கலாம்” என்றார்கள்.
பிளஸ் டூவுக்கு ஏது அடுத்த முறை
என்று நான் கேட்கவில்லை.
மோர் கொடுத்தார்கள்.
நல்ல மோர்.

அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார்,
லட்சத்துக்கு இருபத்தெட்டாயிரம் போக.
முதல் பருவக் கட்டணம் அடைந்தது.
தள்ளுபடி என்ற சொல்லுக்கு
அந்த மாதம் எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தம்.
“எம்பேருலதான் தப்பு” என்று
அப்பா இரண்டு முறை சொன்னார்.
மூன்றாம் முறை சொல்லியிருந்தால்
அழுதிருப்பேன். சொல்லவில்லை.
துறைமுகத்தில் இரவு வேலைக்கு
டிபன் பாக்ஸோடு கிளம்பினார்.

இப்போது மாலைகளில்
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்கிறேன்.
ஒரு விண்ணப்பத்துக்கு முப்பது ரூபாய்.
யார் யாருடைய கடைசித் தேதிகளோ
என் தலைக்குள் வரிசையாக நிற்கின்றன,
என்னுடையது மட்டும்தான் முடிந்துபோனது.

நேற்று இரவு பதினொன்று இருபது.
முதலாளி ஷட்டரை முக்கால்வாசி இறக்கியாயிற்று.
அதற்குக் கீழே குனிந்து ஒரு பையன் வந்தான்,
பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்கள்.
பெயர் அஷ்வாக். இன்றுதான் கடைசி.
அம்மா ஒன்றில் மும்தாஜ்,
ஒன்றில் மும்தாஸ்.
சொல்லும்போதே அவன் முகம் போய்விட்டது.

உறுதிமொழிப் பக்கத்தைத் திறந்தேன்.
அந்த நாலு நாளும்
எந்த ஜன்னலும் எனக்குச் சொல்லாத வரியை
நானே டைப் அடித்தேன்:
மேற்கண்ட இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
“அக்கா, டைம்” என்றான்.

ஓடிபி அம்பத்தூரில்
நைட் ஷிஃப்டில் இருக்கும் அண்ணன் போனுக்குப் போனது.
அண்ணன் எடுக்கவில்லை.
எடுக்கவில்லை.
எடுத்தான்.
மெஷின் சத்தத்துக்கு நடுவே ஆறு எண்கள்,
ஒன்பதா ஏழா என்று இரண்டு தடவை கேட்டு.
வட்டம் சுற்றியது.
முதலாளி பூட்டோடு நின்றார்.
பதினொன்று ஐம்பத்தாறுக்கு
விண்ணப்ப எண் வந்தது.

பையன் சில்லறையை எண்ணினான்.
ஐந்து ரூபாய் குறைந்தது.
நாளைக்குத் தா என்றேன்.
நாளை மறுநாள் என்றாலும்
கடை திறந்திருக்கும்.