இரண்டாவது கதவு

தேவாலயத்தின் பின்புறம், இரண்டாவது கதவு,
வியாழன் ஏழு மணி
என்று எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டர்.
எந்தப் பக்கத்திலிருந்து இரண்டாவது
என்று எழுதவில்லை.

முதல் வியாழன் யெல்கா
திராவா ஆற்றுப் பாலம் வரை போனாள்.
தண்ணீர் போவதைப் பார்த்தாள்.
திரும்பினாள்.
அடுத்த வியாழன் பாலம் தாண்டி
ரொட்டிக்கடை வாசலில் நின்று
பசியில்லாமல் இரண்டு பன் வாங்கினாள்.
மூன்றாவது வியாழனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
அன்றைக்குக் குடித்திருந்தாள்.

மரிபோரில்
நானூறு வயதுத் திராட்சைக்கொடி ஒன்று
ஒரு வீட்டுச் சுவரில் படர்ந்திருக்கிறது.
அதன் அறுவடைக்கு விழா எடுக்கிற ஊர்.
அங்கே 'வேண்டாம்' என்பதற்குக்
காரணம் சொல்லியாக வேண்டும்:
மாத்திரை, கார், வயிற்றுப்புண்.
யெல்கா மூன்றையும் சொல்லித் தீர்த்துவிட்டாள்.
காலை ரயிலில் ஒரே பயணியிடம்
மூன்று முறை சீட்டு கேட்ட பிறகு
வேலையும் தற்காலிகமாக இல்லை.

நான்காவது வியாழன்
பனி ஈரமாக விழுந்துகொண்டிருந்தது.
இடமிருந்து எண்ணினாள்.
தள்ளினாள்.

பதினோரு பேர். வட்டமாக நாற்காலிகள்.
ஒருவர் கெட்டிலைத் தூக்கி
பெயர்கூடக் கேட்காமல்
அவள் கையில் தேநீர் தந்தார்.
சரிதான், இதுதான் என்று உட்கார்ந்தாள்,
கதவை ஒட்டிய நாற்காலியில்.

"இந்தக் குளிரில் எனக்கு மூன்று போச்சு"
என்றார் மீசைக்காரர்.
என்ன மூன்று? பற்களா, வேலைகளா, பிள்ளைகளா?
யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.
"திறந்து பார்க்கவே பயமாயிருந்தது" என்றாள் ஒருத்தி.
"வெளியிலிருந்து தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன்.
உள்ளே சத்தமே இல்லை."

யெல்காவுக்குத் தொண்டை அடைத்தது.
அவள் வீட்டுக் கதவில்
மகன் திபோர் காதை வைத்துக் கேட்டதை,
தரையில் கிடந்தபடி, பதில் சொல்லாமல்,
அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தப்பு என்னுடையதுதான்" என்றார் இன்னொருவர்.
"ஆகஸ்டிலேயே அறிகுறி தெரிந்தது."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.
"யெல்கா" என்றாள். "எனக்கு எல்லாமே போச்சு."
அறை முழுக்க உச்சுக்கொட்டியது.
மீசைக்காரர் முன்னால் சாய்ந்து
"எத்தனை பெட்டி?" என்றார்.

"பெட்டியாக வாங்கியதில்லை.
புட்டி புட்டியாகத்தான்."

அப்போதுதான் பார்த்தாள் சுவரை.
ஆறு கால்களும் இரண்டு ஜோடிச் சிறகுகளும் விரித்து
ஆளுயரத் தேனீ ஒன்றின் படம்.

மது என்றால் தேன் என்றும் பொருள் உண்டு
நம் அகராதியில்.
யெல்காவின் மொழியில் அந்த வசதி இல்லை.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் ஓடிப்போயிருப்பாள்.

மீசைக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு
பனியில் அவளோடு நடந்தார்.
"வலமிருந்து எண்ண வேண்டும். உள்ளே போய் மாடி.
எங்களைவிட அவர்கள்தான் நிறையச் சிரிப்பார்கள்."
கொஞ்சம் நின்று,
"ஒன்றுகூட மிஞ்சாத வருஷம் எனக்கும் உண்டு" என்றார்.
எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

மாடிப்படி விளக்கு ஒரு கஞ்சன்.
பாதி ஏறியதும் அணைந்தது.
இருட்டில் சுவரைத் தடவினாள்.
இறங்கினாலும் அதே அளவு படிகள்தான்.
மேலே நாற்காலி இழுபடும் சத்தம்,
பிறகு யாரோ இருமி இருமிச் சிரிப்பது.

வெளிச்சம் வந்தது.
சிகரெட் பிடிக்க இறங்கிய
செம்பட்டை முடிப் பெண் ஒருத்தி
பொத்தானில் விரலை வைத்தபடி நின்றாள்.
யெல்காவின் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தாள்.
"இது நம்ம கோப்பை இல்லையே."

"இல்லை. கீழே கொடுத்தார்கள்."

"சரி, வாங்க. ஆறிடும்."