ஏழு நாளுக்குள் கட்டினால் பாதி

என் வேலை படம் பார்ப்பது.
கரகாந்தாவில் நான்காவது மாடி, ஜன்னல் இல்லாத அறை.
சக்கரம் கோட்டில் ஏறியதா, உரசியதா,
உரசுவது போல நிழல் விழுந்ததா.
ஏறியிருந்தால் பச்சைப் பொத்தான்.
மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இந்த வசந்தத்தில்
நூற்றுப் பதினேழாவது கிலோமீட்டரில்
விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த வெள்ளையை
இடைவெளியில்லாமல் இழுத்து மூடினார்கள்.
இரண்டு கோடு, பக்கத்தில் பக்கத்தில்,
ஒன்றை மற்றொன்று நம்பாத மாதிரி.

அன்றிலிருந்து வியாழன்தோறும் வருகிறாள்.
சாம்பல் நிற உவாஸ் வேன், முன்விளக்கில் ஒன்று குருடு.
வலப்பக்கத்து வீட்டிலிருந்து
இடப்பக்கத்து மேய்ச்சலுக்கு
நேர்குறுக்கே.
கோப்பில் பெயர்: உல்மெக்கென் சார்சென்பாயெவா.
முறையாகத் திரும்ப வேண்டுமென்றால்
பத்தொன்பது கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும்,
பிறகு அதே பத்தொன்பது.

முக்காலியில் நிற்கும் கேமரா
அந்தப் பக்கம் வருவது வியாழக்கிழமை மட்டும்.
ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும்.
ஆனால் இரண்டு மணிக்கொரு தரம்
மடி கனத்து நிற்கும் குதிரைகளுக்கு
வியாழக்கிழமை தெரியாது.

ஒரு வெள்ளியன்று எனக்கு விடுமுறை.
சாலையோரம் அவள் கடை: ஒரு மேசை, ஒரு குடை,
புட்டிகளில் குமிஸ்.
பலகையில் விலை. அதற்குக் கீழே சாக்பீஸில்
"வெள்ளிக்கிழமை மட்டும் நூறு டெங்கே கூட."
ஏன் என்றேன்.
"நேற்று கோட்டைத் தாண்டினேன்.
ஏழு நாளுக்குள் கட்டினால் பாதி.
அந்தப் பாதியைப் புட்டிக்குப் புட்டி பிரித்துவிடுவேன்."
கோடு போட்டால் ரோடு போடுகிறவள்.
அவளுக்குப் போட்டதென்னவோ இரட்டைக் கோடு.

இரண்டு புட்டி வாங்கினேன்.
யாரென்று சொல்லவில்லை.
நான் போட்ட அபராதத்தில் என் பங்கு இருநூறு டெங்கே,
நல்ல புளிப்பு, மூக்கு வரை ஏறியது.
அப்போது ஒரு குட்டி, தாயைத் தேடி,
இரட்டைக் கோட்டின் மேல் நின்று
நிதானமாகச் சாணி போட்டது.
நிலக்கரி லாரி ஒன்று காத்திருந்தது.
குட்டிக்கு நம்பர் பலகை இல்லை.

திங்களன்று மேலிடத்துக்கு எழுதினேன்:
பன்னிரண்டு மீட்டர், பன்னிரண்டே மீட்டர்
கோட்டை விட்டுவிட்டுப் போடலாமே.
பரிசீலனையில் இருக்கிறது என்று பதில்.
பெயின்ட் வண்டி அடுத்த மே மாதம்தான் வருமாம்.
அதுவரை வியாழன் வந்தது,
பச்சையை அழுத்தினேன். அழுத்தினேன்.

நவம்பரில் பனி.
சாலை, மேய்ச்சல், வானம் எல்லாம் ஒரே தாள்.
கோடு தெரியாத படத்துக்குச் சிவப்புப் பொத்தான்,
வழக்கு இல்லை.
முதல் வியாழன் விரலைச் சிவப்பின் மேல் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
லாரிகள் போயின. ஒரு பஸ். ஒரு ஆம்புலன்ஸ்.

குளிர்காலத்தில் குதிரைக்குப் பால் வற்றிவிடும் என்று
கீழ்த்தள கேன்டீன்காரர் சொன்னார்,
தேநீருக்குச் சில்லறை தேடிக்கொண்டே.