எத்தனையாம் பிள்ளை

மழை விட்டும் விடாத வெள்ளிக்கிழமை.
இரவு வேலை முடிந்து
சீருடையைக் கழற்றாமலே வந்து நிற்கிறேன்
பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம்.
ஜக்கெட் பையில் பாதி பணிஸ்.

ஹம் நகரத்துப் புல்லுக்கு
ஆனி மாதத்திலும் ஈரம் காய்வதில்லை.
ஓட்டம் முடிந்துவிட்டது. நீளம் பாய்தலும்.
எல்லாருக்கும் ஒரே அளவில் ஒரு காகிதம்,
அதில் ஒரே சூரியன், ஒரே சிரிப்பு.
"இந்த வருசம் இடம் சொல்வதில்லை"
என்றார் பிரிங்மன் ரீச்சர்.
நல்லது என்று தலையாட்டினேன்.
உள்ளுக்குள் எண்ணி வைத்திருந்தேன்:
ஐம்பது மீற்றரில் மிதுனா ஏழாவது.

பொதிக் கிடங்கில்
என் மணிக்கட்டில் கட்டிய கருவி
மணிக்கு எத்தனை பெட்டி என்று
சொல்லிக்கொண்டே இருக்கும்.
விடியப்புறம் திரையில் பெயர்கள் ஏறும், இறங்கும்.
நேற்று நான் நான்காவது.
முதலாவதாய் வந்த மாரெக்
முதுகைப் பிடித்தபடி படியில் குந்தியிருந்தான்.
அவனுடைய கடைசிக் குளிர்பெட்டியை
இரண்டு பேருமாய்த்தான் தூக்கினோம்.
என் பாதி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.
இரண்டு பேர் தூக்குவது
அந்தக் கருவிக்குத் தெரியாது.

இலண்டனில் இருந்து மச்சாள் எடுத்தால்
சுகம் கேட்கமுன் கேட்பது அதைத்தான்:
"இந்தமுறை எத்தனையாம் பிள்ளை?"
எங்களுக்கு ஒரே பிள்ளைதான் என்று
பகிடி விடலாம்.
ஒருநாளும் விட்டதில்லை.
இடத்தைத்தான் சொல்வேன்,
சில நேரம் ஒன்றிரண்டு குறைத்து.

கடைசியாய்க் கயிறிழுத்தல்.
பச்சைப் பட்டி பத்துப் பேர்.
மஞ்சளில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், மிச்சம் எட்டு.
பச்சையின் வால் நுனியில் மிதுனா,
கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

போன ஞாயிறு அவள் பிடித்தது வேறு கயிறு.
தொழிற்சாலை வேலிகளுக்கு நடுவே தேர்,
முன்னால் பொலிஸ் கார் ஊர்ந்து போக,
வடம் நிறையக் கைகள்.
"அப்பா, அங்கால் பக்கம் ஆர் இழுக்கினம்?"
"ஒருத்தரும் இல்லை. எல்லாரும் இஞ்சாலதான்."
"அப்ப ஆர் வெல்லுறது?"
தார் சுட்டது வெறுங்காலில்.
அரோகராச் சத்தத்தில்
கேட்காதவன்போல் நடந்தேன்.

விசில் ஊதமுன்
கயிற்றை விட்டுவிட்டு
மிதுனா நடக்கிறாள், மஞ்சள் பக்கம்.
ரீச்சர் வாய் திறந்து, பிறகு மூடினார்.
நான்தான் கத்தினேன்:
"பிள்ளை, உன்ர பக்கத்துக்குப் போ!"
அந்த மைதானத்தில் அது விளங்கியது ஒருத்திக்கு மட்டும்.
அவளும் விளங்காதவள்போல் நின்றாள்.
ஒன்பதுக்கு ஒன்பது.

விசில்.
நடுவில் கட்டிய சிவப்புத் துணி
துடித்தது, ஆனால் அசையவில்லை.
எம்ரேயின் முகம் பீற்றூட் ஆனது.
குதிகள் புல்லைக் கிழித்துச் சேற்றைக் கிளப்பின.
என் விரல்கள் எப்போது மடங்கின தெரியாது,
எந்தப் பக்கத்துக்காக என்றும் தெரியாது.
இவ்வளவு நேரம் ஒரு கயிறு
நகராமல் நிற்கும் என்று நினைத்திருக்கவில்லை.

பிறகு மஞ்சள் சரிந்தது,
ஒன்பதும் சேற்றில்.

வந்தாள், சேறு தலைமயிர் வரைக்கும்.
சிரிப்பாள் என்று பார்த்தால் அழுகிறாள்,
கோபத்தில், மூக்கு ஒழுக:
"லோட்டே கையை விட்டிட்டாள் அப்பா,
இல்லாட்டி வெண்டிருப்பம்!"

பச்சையிலேயே நின்றிருந்தால் வென்றிருப்பாய்
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
அந்த 'வெண்டிருப்பம்'
எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று
எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.
பணிஸை நீட்டினேன்.

அதை வாங்கிக்கொண்டு
லோட்டேயிடம்தான் போனாள்.
ஏதோ ஜேர்மனில் ஏசினாள், நீளமாக.
பணிஸைப் பிய்த்தாள்,
இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
கண்ணால் அளந்தாள்.
பெரியதை
தானே வாயில் போட்டுக்கொண்டாள்.