சோளப்பொரிக் கணக்கு

புந்தா அரேனாஸில் காற்று பேயாய் அடிக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அதில் ஒன்று எங்கள் தியேட்டர் வாசலில் முடிகிறது.
நூற்றுப் பன்னிரண்டு இருக்கை, ஒரே திரை.
பெருக்குவது நான்.

ஒரு படமும் பார்த்ததில்லை. ஆனாலும்
எது எவ்வளவு பயமுறுத்தியது என்று
விளக்குப் போட்டதும் சொல்லிவிடுவேன்.
காதல் படத்துக்குச் சோளப்பொரி காலடியிலேயே கிடக்கும்,
சோம்பலாய், கைதவறி.
பேய்ப் படத்துக்கு இரண்டு வரிசை தாண்டிப் போயிருக்கும்.
ஒற்றைக் கையுறை. பிய்ந்த பொத்தான்.
ஏழாம் வரிசைக் கைப்பிடியில் நகம் பதிந்த தடம்.
யார் நகம், பக்கத்தில் யார் கை,
அது எனக்கு எதற்கு.

சுவருக்கு இந்தப் பக்கம் சத்தம் மட்டும் வரும்.
படம் இல்லாத சத்தம் பொல்லாதது.
கிறீச்சென்று ஒரு கதவு. அப்புறம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைக் கேட்டுக்கொண்டே
வாளியில் துணி பிழிவேன்.

நிவால்தோவுக்கு ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை.
காலைக்குள் அறுபது கழுத்து.
மனைவி உள்ளே இருக்க,
இருவர் கோட்டையும் மடியில் போட்டுக்கொண்டு
வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.
ரத்தத்துக்கா பயம் என்று கேட்டேன்.
“ரத்தம் பொய். ரொம்பச் சிவப்பு.
அந்த வயலின்தான்.
ஆட்டுக்கு யாரும் வயலின் வாசிப்பதில்லை.
வாசித்தால் என் கை ஓடாது.”

எதெல்மிரா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள்.
வியாழன் கடைசிக் காட்சி பேய்ப் படமென்றால்
ஆள் தவறாது. பாதியில் தூங்கிவிடுவாளாம்,
தலை பின்னால் தொங்க, வாய் திறந்து,
திரையில் எவனோ எவளையோ கோடரியோடு துரத்த.
எழுப்பினால் “யார் மிச்சம்?” என்பாள்.
எனக்கெப்படித் தெரியும்.

போன மே மாதம் ஒரு சிரிப்புப் படம் போட்டார்கள்.
குடும்பத்தோடு வாருங்கள் என்றது போஸ்டர்.
இருபதாம் நிமிடம் எதெல்மிரா வெளியே வந்தாள்,
முகம் சுண்ணாம்பு.
படத்தில் ஒரு பையன் பந்தை உதைத்தானாம்,
பந்து தெருவுக்கு உருண்டதாம், பின்னாலேயே ஓடினானாம்.
“அப்புறம்?”
“பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.
எல்லோரும் சிரித்தார்கள்.”
தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில்.
“பேய்ப் படத்தில் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள், ஓர்ஃபெலினா.
எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனைக்கு முடியும்.
டிக்கெட்டிலேயே இருக்கிறது.”

நான் ஏன் பார்ப்பதில்லை என்று அவள் கேட்டதில்லை.
கேட்டால் சொல்லப் பதில் வைத்திருந்தேன்.
உங்களுக்கு முடிந்ததும் முடிந்துவிடுகிறது,
ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறீர்கள்.
அதற்கப்புறம் நூற்றுப் பன்னிரண்டு இருக்கைக்கு அடியிலும்
நான் ஒருத்தி குனியவேண்டும்.
எல்லாம் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கைகள்.
ஒன்று மட்டும் எப்போதும் மடங்காது,
யாரோ இன்னும் எழுந்திருக்காத மாதிரி.

நேற்றுக் காற்று கூரைத் தகரத்தை நெம்பியது.
படம் விட்டு வந்தவர்கள் கயிற்றில் வரிசையாய்த் தொங்கினார்கள்.
ஒரு பெண்ணின் கால் தரையைவிட்டு எழும்ப
மொத்தக் கயிறும் அலறியது.
சுவர் வழியே நான் கேட்கும் அதே அலறல்.
அலறி முடிக்குமுன் சிரிப்பு.
முன்னால் நிவால்தோ, எல்லோரையும்விடச் சத்தமாக.

எதெல்மிரா போகவில்லை.
மடங்காத அந்த இருக்கையைத் தேடிப் போய் உட்கார்ந்து
“நீ பெருக்கு” என்றாள்.
முதல் வரிசை முடியுமுன் குறட்டை.
நான் ஏழு வரிசையும் பெருக்கி,
அவள் காலைச் சுற்றியும் பெருக்கி,
தோளைத் தொட்டேன்.
“யார் மிச்சம்?”
“நீயும் நானும்,” என்றேன்.
“அப்புறம் ஒரு இடதுகைக் கையுறை.”